முப்பது ஆண்டுப் பசி: புனித ஜோசப் வாஸ் கற்றுத்தரும் ஆராதனை



மாதத்தின் முதல் வெள்ளி. மாலைத் திருப்பலி முடிகிறது. அருள்தந்தை கதிர்ப்பாத்திரத்தில் நற்கருணை நாதரைப் பீடத்தின்மேல் நிறுவுகிறார். சாம்பிராணிப் புகை மேலே எழுகிறது. அந்த நேரத்தில்தான் வாசல் பக்கம் செருப்புகளின் சத்தம் கேட்கத் தொடங்குகிறது. ஒருவருக்குக் கடைசிப் பேருந்து. இன்னொருவருக்குத் தண்ணீர் பாய்ச்சும் முறை. மற்றொருவரின் பிள்ளைக்கு நாளை தேர்வு. பத்து நிமிடத்தில் பாதி ஆலயம் காலியாகிவிடுகிறது. யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அப்படி எழுந்து போனவர்களில் நாமும் இருந்திருக்கிறோம்.

உண்மையில் நம்மை வெளியே அழைத்துச் செல்வது அவசரம் மட்டும்தானா? அந்த மௌனத்தில் என்ன செய்வதென்று தெரியாததும் ஒரு காரணம் அல்லவா? இதற்கு விடை தேடும்போது, முந்நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஓர் அருள்பணியாளரின் வாழ்க்கை நமக்குத் துணையாக வருகிறது. அவர்தான் இலங்கையின் திருத்தூதர் என்று போற்றப்படும் புனித ஜோசப் வாஸ்.

மோகனூரில் காவிரிக் கரையில் நின்று இலங்கையை நினைப்பது தொலைவாகத் தோன்றலாம். ஆனால் நம் மண்ணிலிருந்தே அங்கே ஒரு வழி போகிறது. நாமக்கல்லைத் தாண்டினால் சேந்தமங்கலம். 1623ஆம் ஆண்டில் தத்துவ போதகர் என்று நாம் அழைக்கும் இராபர்ட் தெ நொபிலி அடிகளார் மதுரையிலிருந்து புறப்பட்டு, திருச்சி வழியாகச் சேந்தமங்கலத்திற்கும் சேலத்திற்கும் வந்தார். இந்தச் சமவெளியில் நற்செய்தியை விதைத்த அந்தப் பெரியவர், முதுமையில் சில காலம் யாழ்ப்பாணத்தில் தங்கினார். பின்னர் மயிலாப்பூரில் 1656ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். அடுத்த இரண்டே ஆண்டுகளில், 1658இல், யாழ்ப்பாணம் டச்சுக்காரர்களின் கையில் விழுந்தது.

அதன் பிறகு நடந்ததை நாம் அமைதியாக எண்ணிப் பார்க்க வேண்டும். கத்தோலிக்க அருள்பணியாளர்கள் வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்கு அடைக்கலம் கொடுப்பது பெருங்குற்றம் என்று அறிவிக்கப்பட்டது. ஆலயங்கள் பறிக்கப்பட்டன. மக்கள் செபமாலையை மறைத்து வைத்துக்கொண்டு வீட்டுக்குள் செபித்தார்கள். குழந்தைகளுக்குச் செபங்களைக் காதோடு காதாகச் சொல்லிக்கொடுத்தார்கள். எல்லாவற்றையும் எப்படியோ காப்பாற்றிக்கொண்டார்கள். ஆனால் ஒன்றை மட்டும் அவர்களால் தாங்களாகச் செய்துகொள்ள முடியவில்லை. குருவானவர் இல்லாமல் திருப்பலி இல்லை. திருப்பலி இல்லாமல் நற்கருணை இல்லை. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் இப்படியே கழிந்தன. ஒரு தலைமுறையே நற்கருணைப் பேழையின் விளக்கைப் பார்க்காமல் வளர்ந்தது.

ஜோசப் வாஸ் 1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் கோவாவில் உள்ள பெனாவ்லிம் ஊரில் பிறந்தார். 1676இல் குருவானார். ஏழைகளைப் போலச் செருப்பில்லாமல் நடந்தார். இலங்கையில் ஆயனில்லாத மக்களைப் பற்றிக் கேள்விப்பட்ட நாள் முதல் அவர் உள்ளம் அங்கேயே இருந்தது. ஆனால் உடனே போக முடியவில்லை. முதலில் கனரா பகுதியின் மறைப்பணிப் பொறுப்பு அவருக்குத் தரப்பட்டது. கீழ்ப்படிந்து போனார். திரும்பி வந்தபின் 1685இல், கோவாவில் இந்தியக் குருக்கள் சிலர் கூடி வாழ்ந்த குழுவில் சேர்ந்தார். அவர்கள் அவரையே தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். அக்குழு புனித பிலிப்பு நேரியின் ஒரட்டோரியன் சபை ஒழுங்கை ஏற்றுக்கொண்டது.

இங்கே ஒரு செய்தியைக் கவனிப்போம். புனித பிலிப்பு நேரி, 16ஆம் நூற்றாண்டில் உரோமை நகரில் நாற்பது மணி நேர ஆராதனையைப் பரப்பியவர். நற்கருணை நாதர்முன் மக்கள் முறை வைத்து விழித்திருந்து செபிக்கும் வழக்கம் அது. நம் பங்குகளில் நடக்கும் திருமணி ஆராதனையும் முழு இரவு ஆராதனையும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவைதான். மௌன செபத்தை அன்றாட ஒழுங்காகக் கொண்ட அந்தச் சபையின் மகனாகவே ஜோசப் வாஸ் இலங்கைக்குப் புறப்பட்டார்.

1686இல் கோவாவை விட்டுக் கிளம்பினார். யோவான் என்ற பணியாளர் அவரோடு சென்றார். தூத்துக்குடிக்கு வந்து, கூலியாள் வேடத்தில் படகேறி, 1687இல் யாழ்ப்பாணக் கரையை அடைந்தார். இறங்கியதும் கடும் வயிற்றுப்போக்கு அவரைப் படுக்கவைத்தது. எழுந்த பின்னும் ஒரு கேள்வி இருந்தது. கத்தோலிக்கர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கேட்டால் யாரும் சொல்லமாட்டார்கள். அவர் கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். அந்தச் செபமாலையைக் கண்டு யாருடைய கண்கள் கலங்குகின்றன என்று பார்த்தார். அப்படித்தான் முதல் குடும்பத்தைக் கண்டுகொண்டார்.

பிறகு சில்லாலைக் கிராமம் அவருக்குப் புகலிடம் ஆயிற்று. பகலில் மறைந்திருப்பார். இரவில் மக்கள் ஒருவர் பின் ஒருவராக வருவார்கள். பாவசங்கீர்த்தனம், திருமுழுக்கு, திருப்பலி எல்லாம் இருளிலேயே நடக்கும். பாலம் வருவதற்கு முன், மோகனூரிலிருந்து வாங்கல் போக ஆற்றங்கரையில் பரிசலுக்குக் காத்திருந்ததை நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். தண்ணீர் பெருகினால் காத்திருப்பைத் தவிர வேறு வழியில்லை. அந்த மக்களும் அப்படித்தான் காத்திருந்தார்கள், முப்பது ஆண்டுகள். வந்து சேர்ந்த அந்த இரவில், எழுந்தேற்றத்தின்போது அவர்களின் கண்கள் எப்படிப் பார்த்திருக்கும்!

ஆராதனை என்பது அந்தப் பார்வைதான். திருப்பலியில் நம்மிடம் வரும் ஆண்டவரைக் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பது. திருப்பலியிலிருந்து பிறந்து, மீண்டும் நம்மைத் திருப்பலிக்கே அழைத்துச் செல்வது.

அந்தப் பார்வைக்கு அவர்கள் விலையும் கொடுத்தார்கள். 1689ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு இரவில், திருப்பலிக்காக மக்கள் கூடியிருந்த வீடுகளை டச்சு வீரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஏராளமானோர் கைது செய்யப்பட்டனர். சிலர் கொடுமையாக அடிக்கப்பட்டனர். அவர்களில் ஒருவர் அந்த அடியினாலேயே உயிர்விட்டார். ஜோசப் வாஸ் மட்டும் அவர்கள் கையில் அகப்படவில்லை. ஒரு மணி நேரத் திருப்பலிக்காகச் சங்கிலியை ஏற்றுக்கொண்ட மக்கள் அவர்கள்.

அதன்பின் அவர் புத்தளத்திற்குச் சென்றார். அங்கிருந்து 1692இல் கண்டி அரசுக்குள் நுழைந்தபோது, போர்த்துக்கீசிய ஒற்றர் என்று பழிசுமத்தப்பட்டுச் சிறைப்பட்டார். சிறையில் அவர் வீணே இருக்கவில்லை. சிங்கள மொழியைக் கற்றார். காவல் சற்றுத் தளர்ந்ததும் ஒரு சிறு குடில் அமைத்து, அதையே ஆலயமாக்கினார். வழி முழுவதும் அடைக்கப்பட்ட இடத்திலும் ஆண்டவருக்கு ஓர் இடம் உண்டாக்குவதுதான் அவருக்குத் தெரிந்த முதல் வேலை. பின்னாளில் கடும் வறட்சியின்போது அவர் பீடம் அமைத்துச் செபிக்க, மழை பெய்தது என்றும், அதனால் மன்னர் விமலதர்மசூரியர் அவருக்குச் சுதந்திரமாகப் பணியாற்ற இசைவு தந்தார் என்றும் இலங்கைத் திருச்சபை நன்றியோடு நினைவுகூர்கிறது.

1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. பயந்து உறவினரே நோயாளிகளைக் கைவிட்டார்கள். ஜோசப் வாஸ் அடிகளாரும், அவருடைய சகோதரி மகனான ஜோசப் கர்வாலோ அடிகளாரும் தெருவிலும் காட்டிலும் கிடந்தவர்களைத் தேடிப் போனார்கள். கஞ்சி கொடுத்தார்கள். புண்களைக் கழுவினார்கள். இறந்தவர்களைத் தங்கள் கைகளாலேயே அடக்கம் செய்தார்கள். எந்தச் சமயத்தவர் என்று கேட்கவில்லை.

இது தற்செயலாக நடந்ததல்ல. திருச்சபை தொடக்கத்தில் நற்கருணையைப் பாதுகாத்து வைத்தது யாருக்காக? திருப்பலிக்கு வர இயலாத நோயாளிகளுக்காகவும் மரணத் தறுவாயில் இருப்பவர்களுக்காகவும்தான். அங்கே இருக்கும் ஆண்டவர் முன் முழந்தாளிடும் வழக்கம் அதிலிருந்து வளர்ந்தது. எனவே நோயாளியை மறந்துவிட்டு நற்கருணைப் பேழைமுன் அமர்வது முழுமையான ஆராதனை ஆகாது. ஜோசப் வாஸ் பீடத்தின்முன் முழந்தாளிட்டார். அதே முழந்தாளைப் பெரியம்மை கண்டவனின் பாய் அருகிலும் ஊன்றினார்.

ஆயர் பொறுப்பு அவரைத் தேடி வந்தபோது, வேண்டாமென்று பணிவோடு மறுத்தார். இந்தியாவுக்குத் திரும்பவேயில்லை. 1711ஆம் ஆண்டு கண்டியில் இறந்தார். அந்த நாளும் சனவரி 16தான். நம் சமவெளியில் நடந்த தத்துவ போதகரும், அவர் ஒருகாலத்தில் தங்கிய யாழ்ப்பாணத்தில் விளக்கை மீண்டும் ஏற்றிய இவரும், ஒரே தேதியில் விண்ணகம் சென்றார்கள். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1995இல் கொழும்பில் ஜோசப் வாஸை அருளாளராக அறிவித்தார். திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள், அதே கொழும்பில் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

அன்புக்குரியவர்களே, நற்கருணை இல்லாத பசி எப்படியிருக்கும் என்று நாமும் கொஞ்சம் அறிவோம். 2020இல் பெருந்தொற்றின்போது ஆலயக் கதவுகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன. தொலைக்காட்சியில் திருப்பலி கண்டு, வாயைத் திறந்து பெற முடியாமல் கண்ணீர் விட்ட முதியவர்களை நாம் பார்த்தோம். கதவு திறந்தால் தினமும் போவேன் என்று சொன்னவர்கள் பலர். கதவு திறந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. நாம் போகிறோமா?

அடுத்த ஆராதனைக்குச் செல்லும்போது இப்படிச் செய்து பார்க்கலாமே. முதல் சில நிமிடம் எந்தச் செபமும் சொல்லாமல் அவரைப் பார்த்துக்கொண்டிருப்போம். மனம் கரும்பு வெட்டுக்கும் கடன் தவணைக்கும் ஓடினால் பயப்பட வேண்டாம். அந்தக் கவலையையே அவர்முன் வைப்போம். பிறகு படுக்கையில் இருக்கும் ஒருவரின் பெயரைச் சொல்வோம். ஆராதனை முடிந்ததும் அவர் வீட்டுக்கு ஒருமுறை போய் வருவோம். ஒரு மணி நேரம் முடியாவிட்டால் கால் மணி நேரம் போதும். மௌனம் பழகப் பழக இனிக்கும்.

மன்றாடுவோம்: நற்கருணை நாதரே, உம்மைக் காணாமல் முப்பது ஆண்டுகள் பசித்திருந்த மக்களை நினைத்துப் பார்க்கிறோம். இருளில் உம்மை அவர்களிடம் கொண்டு சென்ற புனித ஜோசப் வாஸின் வேண்டுதலால், திறந்த கதவின் அருமையை எங்களுக்கு உணர்த்தும். உம்முன் தங்கியிருக்கவும், உம்மிடமிருந்து எழுந்து நோயுற்றோரிடம் செல்லவும் எங்களுக்கு வரம் தாரும். ஆமென்.