வீரமாமுனிவரும் அவர்தம் தமிழாசிரியரும்

நம் ஊருக்கு அண்மையிலுள்ள காமநாயக்கன்பட்டிக்கு, ஆகஸ்டு 15 பரலோக மாதா திருநாளன்று செல்லாதவர் நம் பங்கில் அரியர். அங்கு ஞானப்பணி புரிந்த குருக்களுள் ஒருவரே வீரமாமுனிவர் என்னும் பெஸ்கி சுவாமிகள்.

1680 நவம்பர் 8-ஆம் நாள் இத்தாலி நாட்டுக் காஸ்திலியோனே நகரில் பிறந்தார். அர்ச். ஞானப்பிரகாசியார் பிறந்ததும் அவ்வூரே. 1698-இல் சேசு சபையில் சேர்ந்து, 1710-இல் கோவாவில் வந்திறங்கி, பின் மதுரை மிஷனை அடைந்தார். வயது முப்பது. ஐரோப்பிய மொழிகள் பல கற்றவர்தாம். தமிழுக்கோ அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

அவருக்குத் தமிழ் கற்பித்தவர் சுப்ரதீபக் கவிராயர் என்பது வழிவழிச் செய்தி. கூளப்பநாயக்கன் விறலிவிடு தூது பாடிய புலவர் இவர். (அந்நூல் நம் பிள்ளைகள் கையில் கொடுக்கத்தக்கதன்று, புலமையில் குறையில்லை.) பிரசங்கம் செய்யவும் பாவசங்கீர்த்தனம் கேட்கவும் பேச்சுத் தமிழே போதும். பிறநாட்டார் ஒருவருக்கு அவ்வளவு கற்பித்து நிறுத்தியிருந்தால் யாரும் குறை சொல்லியிரார். மாணவரோ இலக்கணக் கடலிலும் காப்பியங்களிலும் ஆழ்ந்தார். குறளும் சிந்தாமணியும் கம்பன் கவியும் அவர்தம் பாட்டில் ஊறிக் கிடப்பதைப் படிப்போர் அறிவர். இவனாலும் பாட முடியும் என்று நம்பிய ஆசான் ஒருவர் இன்றி இது நடந்திராது என்பது என் துணிபு.

அர்ச். சூசையப்பரைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்ட தேம்பாவணி 1726-இல் நிறைவுற்றது. மூன்று காண்டம், 36 படலம், 3615 பாட்டு. அதனைப் பாடியவர் கவிராயரே என்று சிலர் கூறினர். இது பொருந்தாது. ஸ்பெயின் நாட்டுக் கன்னியாஸ்திரீ ஆகிரெதா மரியாள் எழுதிய நூலின் செய்திகள் அக்காப்பியத்தில் விரவியுள்ளன. அவற்றை அந்நாளில் தமிழ்ப் புலவர் எங்ஙனம் அறிவார்? ஆசிரியர் கொடுத்தது பாட்டன்று, பாடும் துணிவு.

அத்துணிவு ஒரு நூலோடு நிற்கவில்லை. ஐந்திலக்கணமும் கூறும் தொன்னூல் விளக்கம், 1732-இல் சதுரகராதி, திருக்குறளின் முதலிரு பால்களுக்கு இலத்தீன் மொழிபெயர்ப்பு, பிள்ளைகளும் சிரிக்கும் பரமார்த்த குரு கதை எனப் பெருகிற்று. ஏ, ஓ என்னும் நெடில்களுக்கு இன்று நாம் எழுதும் வடிவும் அவர் தந்ததே. பெயரில்கூட அந்தப் படிப்பு தெரிகிறது: தைரியநாதர் என்றிருந்தவர் தூய தமிழில் வீரமாமுனிவரானார்.

1747 பிப்ரவரி 4-ஆம் நாள் மலையாள நாட்டு அம்பலக்காட்டில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். நம் கடற்கரை மணப்பாட்டில் என்று பழைய நூல்கள் சில கூறும். 1968-இல் சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை நிறுவினர்.