கமரனின் தராசு

வரலாற்றுப் பாடத்தில் கோல்புரூக், கமரன் என்ற இரண்டு பெயர்களும் எப்போதும் சேர்ந்தே வரும். சீர்திருத்தங்களைப் பரீட்சைக்காக மனனம் செய்யும் நாம், அந்த இரண்டாவது மனிதர் யார் என்று கேட்பதேயில்லை. மனிதரின் இன்பத்தையும் துன்பத்தையும் அளந்து பார்த்தே சட்டம் இயற்ற வேண்டும் என்று நம்பியவர் அவர். அந்த நம்பிக்கையோடு எமது நாட்டுக்கு வந்தார். கடைசியில் இந்த மண்ணிலேயே அடக்கமானார்.

சார்ள்ஸ் ஹே கமரன் 1795ஆம் ஆண்டு பிறந்தார். தந்தை பஹாமாஸ் தீவுகளின் ஆளுநராக இருந்தவர். சட்டம் படித்த கமரன் 1820இல் லண்டனில் பாரிஸ்டரானார். அக்காலத்தில் அங்கே ஜெரமி பெந்தம் என்ற முதிய சிந்தனையாளர் வாழ்ந்து வந்தார். பயன்பாட்டுவாதம் எனப்படும் ஒழுக்கக் கோட்பாட்டை 1789இல் வெளிவந்த தமது நூலில் விரிவாக விளக்கியவர் அவர். கமரன் அவருடைய சீடரானார்.

பெந்தத்தின் கோட்பாடு கேட்பதற்கு மிக எளிது. ஒரு செயல் நல்லதா கெட்டதா என்பதை அதனால் விளையும் இன்பமும் துன்பமுமே தீர்மானிக்கும். அவற்றை அளக்க ஏழு அளவுகளை அவர் வகுத்தார். அந்த இன்பம் அல்லது துன்பம் எவ்வளவு கடுமையானது, எவ்வளவு காலம் நீடிக்கும், எவ்வளவு நிச்சயமானது, எவ்வளவு விரைவில் வரும், தன்னைப் போன்ற வேறு உணர்வுகளைப் பிறப்பிக்குமா, எதிரான உணர்வு அதில் கலந்திருக்குமா, எத்தனை பேரைத் தொடும் என்பவையே அவை. இந்தக் கணக்கில் ஒவ்வொரு மனிதரும் ஒருவராகவே எண்ணப்படுவார். பிரபுவின் பல்வலியும் அவருடைய வேலைக்காரனின் பல்வலியும் ஒரே எடைதான். அரசர்களும் பிரபுக்களும் ஆண்ட காலத்தில் இது துணிச்சலான பேச்சு.

இலங்கையின் நிர்வாகத்தை விசாரிக்க 1829இல் கோல்புரூக் வந்தார். அடுத்த ஆண்டு கமரன் அவரோடு இணைந்தார். நீதித்துறையை ஆராயும் பணி கமரனுடையது. கரையோரப் பகுதிகளுக்கு ஒரு விதமான நீதிமன்றங்கள், கண்டிப் பகுதிகளுக்கு வேறு விதமானவை என்று அப்போது இருந்தது. எல்லோருக்கும் ஒரே நீதிமன்ற அமைப்பு வேண்டும் என்று 1832 ஜனவரியில் அவர் அறிக்கை கொடுத்தார். அதன் அடிப்படையில் 1833இல் நீதிச் சாசனம் வெளியானது. உயர் நீதிமன்றத்தின் கீழ் மாவட்ட நீதிமன்றங்கள் உருவாயின. இதைக் காண பெந்தம் உயிரோடு இருக்கவில்லை. அவர் 1832 ஜூனில் இறந்துவிட்டார்.

அதே 1832இல் இராஜகாரிய முறையும் ஒழிந்தது. கூலியின்றி மக்களைக் கொண்டு வீதியும் பாலமும் அமைக்க அரசாங்கத்துக்கு உதவிய முறை அது. அதை ஒழிக்கப் பரிந்துரைத்தது கோல்புரூக்கின் அறிக்கை. கமரனின் தராசில் நிறுத்தாலும் அதே விடைதான் வந்திருக்கும்.

இங்கிருந்து சென்ற கமரன் 1835இல் இந்தியச் சட்ட ஆணைக்குழுவில் சேர்ந்தார். மெக்காலே தலைமையில் 1837இல் தண்டனைச் சட்டக்கோவையின் வரைவு தயாரானபோது அவரும் அதில் உழைத்தார். அந்த வரைவு 1860இல் இந்தியாவில் சட்டமானது. அதைத் தழுவியதே 1883ஆம் ஆண்டின் எமது தண்டனைச் சட்டக்கோவை. 1838இல் கல்கத்தாவில் ஜூலியா மார்கரெட்டை மணந்தார். பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞரானவர் இந்த ஜூலியா. இந்தியருக்குக் கல்வியும் அரச உயர்பதவிகளும் வழங்கப்பட வேண்டும் என்று 1853இல் பிரித்தானியப் பாராளுமன்றத்துக்கு ஒரு முறையீட்டையும் கமரன் எழுதினார்.

இதுவரை சொன்னதோடு நிறுத்தினால் இது ஒரு நல்ல மனிதரின் வெற்றிக் கதை. ஆனால் மாத்தளையில் இருந்துகொண்டு இந்தக் கதையை அவ்வாறு முடித்துவிட முடியாது.

இராஜகாரியம் ஒழிந்தபின் மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் பெருகின. சொந்த வயல் வைத்திருந்த கிராமத்தவர் தோட்டக் கூலிகளாகப் போக விரும்பவில்லை. ஆகவே தமிழ்நாட்டிலிருந்து ஏழைகள் கொண்டுவரப்பட்டனர். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு அவர்கள் நடந்தே வந்தார்கள். பசியாலும் கொலராவாலும் அம்மையாலும் பலர் வழியிலேயே மடிந்தார்கள். 1840ஆம் ஆண்டின் காணிச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட முடியாத கிராமத்தவரின் நிலங்களை அரசுக்கு உரியவையாக்கியது. 1848இல் தேசாதிபதி டொரிங்டன் புதிய வரிகளை விதித்தார். வருடத்தில் ஆறு நாட்கள் வீதி வேலை செய்ய வேண்டும், அல்லது அதற்குப் பணம் கட்ட வேண்டும் என்ற சட்டமும் வந்தது. முன்வாசலால் அனுப்பிய இராஜகாரியம் பின்வாசலால் திரும்பி வந்தது. மாத்தளையில் கிளர்ச்சி வெடித்தது. ஆகஸ்ட் 8ஆம் திகதி புரன் அப்பு கண்டியில் சுடப்பட்டார். அதே ஆண்டில்தான் கமரன் இந்தியப் பதவியிலிருந்து விலகி இங்கிலாந்து திரும்பினார்.

இவை அனைத்தையும் அவர் தலையில் சுமத்துவது நியாயமாகாது. ஆயினும் அவரும் இங்கே தோட்டங்களுக்கு உரிமையாளரானார். வைட் தீவில் அவர்கள் வாழ்ந்த வீட்டுக்கு டிம்புலவின் பெயரையே வைத்தார்கள். 1875இல், எண்பது வயதில், மனைவியுடன் இலங்கையில் வாழ வந்தார். கோப்பி இலை நோய் அதற்கு முன்பே பரவத் தொடங்கியிருந்தது. இங்கே ஜூலியா தோட்டத் தொழிலாளரையும் படம் பிடித்தார். அவர் 1879 ஜனவரியிலும் கமரன் 1880 மேயிலும் காலமானார்கள். இருவரும் பொகவந்தலாவை புனித மரியாள் தேவாலய வளவில் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். நடந்து வந்தவர்களின் சந்ததியினர் இன்றும் அவற்றில் கொழுந்து பறிக்கிறார்கள்.

பெந்தத்தின் ஏழாவது அளவு, எத்தனை பேரைத் தொடும் என்பது. கணக்கு பிழைத்தது அங்கேதான். கிராமத்தவரின் கட்டாய உழைப்பு தராசில் ஏறியது. தம்புள்ளைக் காட்டில் விழுந்த தாயின் துன்பம் ஏறவில்லை. அவளையும் ஒருவராக எண்ணியிருக்க வேண்டும் என்று நாம் சொல்வதும் கமரன் நம்பிய அதே விதியைக் கொண்டுதான்.

மறுமையில் நிறுக்கப்படும் மீஸானைப் பற்றிச் சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தத் தராசில் எதுவும் விடுபடுவதில்லை. மனிதன் பிடிக்கும் தராசில் விடுபடும். ஆகவே பெரும்பான்மைக்கு நல்லது என்று ஒரு முடிவு எடுக்கப்படும் ஒவ்வொரு வேளையிலும், இந்தக் கணக்கில் சேராமல் நிற்பது யார் என்று ஒருவராவது கேட்க வேண்டும். தம்புள்ளையிலிருந்து மாத்தளைக்கு பஸ்ஸில் வரும்போதெல்லாம், யன்னலோரம் இருந்து அந்தக் கேள்வியைத்தான் நான் கேட்டுக்கொள்கிறேன்.