சிதம்பரனாரும் தூத்துக்குடித் துறைமுகமும்

கொழும்புக்கும் தூத்துக்குடிக்கும் இடையே கிடக்கும் கடல் நீராவிக் கப்பலுக்கு ஓரிரவுப் பயணத் தூரமே. அவ்வோரிரவைக் கடப்பதற்கு நம் முன்னோர் எவருடைய கப்பலை நம்பியிருந்தனர், எவர் விதித்த கூலியைச் செலுத்தினர் என்பவற்றை எண்ணிப் பார்ப்போர் சிலரே. அதனை எண்ணிப் பார்த்ததோடமையாது, அக்கடலிலே தம் மக்களின் கப்பலையே ஓட்டிக் காட்டியவர் வ. உ. சிதம்பரம்பிள்ளை. விடுதலை வீரராக அவரை யாவரும் அறிவர். ஒரு துறைமுகத்தின் வணிகம், கைத்தொழில், மக்கட் பெயர்ச்சி ஆகிய மூன்றையும் ஒருங்கே நோக்கிய அறிஞராக அவரை நாம் ஈண்டு நினைவுகூர விழைகின்றோம்.

திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த ஒட்டப்பிடாரத்தில் 1872 ஆம் ஆண்டு செப்டெம்பர் 5 ஆம் நாள் உலகநாதபிள்ளைக்கும் பரமாயி அம்மையாருக்கும் மைந்தராகச் சிதம்பரனார் தோன்றினார். தந்தையார் வழக்கறிஞர். மைந்தரும் அத்துறையையே மேற்கொண்டு 1895 இல் சொந்த ஊரில் தொழில் தொடங்கினார். எளியோர்க்காக வாதாடுவதிற் பெயர் பெற்ற அவர் 1900 ஆம் ஆண்டில் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார். அந்நகரமே அவர்தம் வாழ்வின் போக்கை மாற்றியது.

முத்துக்கும் உப்புக்கும் பெயர்போன பழந்துறை தூத்துக்குடி. 1870களில் சென்னையிலிருந்து இருப்புப்பாதை அங்கு வந்து சேரவே, அதன் வளம் பன்மடங்காயிற்று. கரிசல் மண்ணின் பருத்தி அங்கே பொதியாகி மேல்நாடுகளுக்குச் சென்றது. ஆங்கிலேயரான ஆர்வி சகோதரர்களின் நிருவாகத்திற் கோரல் நூற்பாலை எழுந்தது. இலங்கைத் தோட்டங்களுக்குரிய தொழிலாளர் தட்டப்பாறை முகாமிலே சோதிக்கப்பட்டு இத்துறை வழியே அனுப்பப்பட்டனர். வணிகரும் இவ்வழியே கொழும்புக்கு வந்து கடை விரித்தனர். துறையில் ஆழமின்மையாற் கப்பல்கள் கரைக்குச் சில மைல் அப்பால் நங்கூரமிட்டு நிற்கும். ஆளும் பொருளும் தோணிகளிற் சென்று ஏறவேண்டும். தோணி நம்மவருடையது, அதில் உழைக்கும் கையும் நம்மவருடையது. கப்பலோ பிரித்தானிய இந்திய நீராவிக் கப்பற் கம்பனியாருடையது. போட்டியின்மையால் அவர் வைத்ததே கட்டணமாயிற்று.

இவ்வேறுபாட்டைச் சிதம்பரனார் நன்குணர்ந்தார். வங்கப் பிரிவினையை ஒட்டிச் சுதேசிய இயக்கம் நாடெங்கும் பரவிய காலம் அது. அந்நியத் துணியை மறுத்தாற் போதாது, அதனைச் சுமந்து வரும் கப்பலையும் நாமே நடத்தல் வேண்டும் என்னும் தெளிவு அவர்க்கு உண்டாயிற்று. 1906 ஆம் ஆண்டு ஒக்டோபர் 16 ஆம் நாள் சுதேசிய நாவாய்ச் சங்கம் பதிவு செய்யப்பெற்றது. மூலதனம் 10 இலட்சம் ரூபா. பங்கொன்று 25 ரூபாவாக 40,000 பங்குகள். இந்தியரோடு இலங்கையர் முதலாய ஆசிய மக்கள் யாவரும் பங்கு கொள்ளலாம் என விதிக்கப்பட்டிருந்தமை நம்மவர் நெஞ்சிற் பதிக்கத்தக்கது.

சங்கத்தின் தலைவர் மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர். நம் ஆறுமுக நாவலர் பெருமானின் நூற்பதிப்புகளுக்கு ஆதரவளித்த பொன்னுச்சாமித் தேவரின் மைந்தர் அவர். அப்துல் அல்லது ஐயர் என்ற வேறுபாடு பாராது யாவரும் இம்முயற்சிக்குத் தோள் கொடுத்தனர். ஹாஜி முகமது பக்கீர் சேட் என்னும் வணிகர் 2 இலட்சம் ரூபாவுக்குப் பங்கு வாங்கிச் செயலாளரானார். சிதம்பரனார் ஏற்றதோ உதவிச் செயலாளர் பதவி. பெயர் சிறிதாயினும் பாரம் முழுவதும் அவருடையதே.

தொடக்கத்தில் வாடகைக்குப் பெற்ற கப்பல்களைக் கொண்டு போக்குவரவு நடைபெற்றது. எதிர்க் கம்பனியாரின் நெருக்குதலால் கப்பலுரிமையாளர் பின்வாங்கினர். சிதம்பரனார் தளர்ந்திலர், கொழும்பிலிருந்து வேறொரு கப்பலை வாடகைக்கு அமர்த்தினார். சொந்தக் கப்பலின்றி வாழ்வில்லை எனத் துணிந்து பம்பாய் சென்று பொருள் திரட்டினார். 1907 இல் காலியா, லாவோ என்னும் கப்பல்கள் சங்கத்தின் உடைமையாய் வந்து சேர்ந்தன. ஆயிரத்துக்கு மேற்பட்ட பயணிகளையும் 4,000 மூடைகளையும் ஏற்றவல்லது காலியா. இதன்பின் கட்டணப் போர் மூண்டது. எதிர்க் கம்பனியார் கட்டணத்தை ஒரு ரூபாவாகக் குறைத்தனர், சங்கத்தார் எட்டணாவாக்கினர். கட்டணமின்றி ஏற்றிக் குடையொன்றும் இலவசமாய் அளிக்க அயலார் முன்வந்தனர் என்பர். நட்டத்தைத் தாங்கப் பெருஞ்செல்வம் படைத்தோர்க்கும், சிறு பங்குகளால் எழுந்த சங்கத்துக்கும் நடந்த போட்டி சமமானதன்று.

வணிகர் நலத்துடன் சிதம்பரனார் நின்றாரல்லர். கோரல் ஆலைத் தொழிலாளர் குறைந்த கூலிக்கு ஓய்வு நாளின்றி நெடுநேரம் உழைத்து வந்தனர். 1908 பெப்ரவரி 27 ஆம் நாள் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்கட்குத் துணை நின்றனர். நகர மக்கள் பொருளுதவி புரிந்தனர். ஒன்பது நாளில் ஆலையார் இணங்கினர். கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிறு விடுமுறை கிடைத்தது. கப்பல் வைத்திருப்போரும் ஆலையில் உழைப்போரும் ஒரே துறைமுகத்தின் மக்கள் என்ற கொள்கையை அவர் செயலிற் காட்டினார். தென்னாட்டுத் தொழிலாளர் வரலாற்றில் இஃது ஒரு பெருநிகழ்ச்சி.

அரசினர் இனியும் பொறுத்திலர். மார்ச் 12 ஆம் நாள் சிதம்பரனார் சிறைப்படுத்தப்பட்டார். மறுநாள் திருநெல்வேலியிற் கலகம் மூண்டு, துப்பாக்கிச் சூட்டிற் சிலர் உயிர் துறந்தனர். யூலை 7 ஆம் நாள் நீதிபதி பின்கே இரண்டு ஆயுட்காலத் தீவாந்தர தண்டனைகள் விதித்தார். செய்தியறிந்த தம்பி மீனாட்சிசுந்தரம் சித்தங் கலங்கினார். மேன்முறையீட்டில் தண்டனை பெரிதும் குறைக்கப்பட்ட போதிலும், கோயமுத்தூர், கண்ணனூர்ச் சிறைகளின் கொடுமை குறையவில்லை. கப்பல் நடத்தியவர் செக்கிழுத்தார். உடலைச் செக்குக்கும் உள்ளத்தைத் தமிழுக்கும் ஈந்து, சிறையிலிருந்தே நூல்கள் இயற்றினார்.

1912 டிசம்பர் 24 ஆம் நாள் அவர் வெளிவந்தபோது சங்கம் இல்லை. 1911 இலேயே கலைக்கப்பட்டு விட்டது. கப்பல்கள் கைமாறின. வழக்கறிஞர் உரிமையும் பறிக்கப்பட்டிருந்தது. சென்னையிற் சிறு வியாபாரம் செய்து குடும்பத்தைக் காத்தார். பின்னர் வாலிஸ் என்னும் ஆங்கில நீதிபதியின் உதவியால் உரிமை மீண்டது. அந்நன்றிக்காகத் தம் மைந்தனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார். அவர் எதிர்த்தது ஆதிக்கத்தையேயன்றி ஆட்களையன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? மெய்யறம் முதலாய நூல்களையும், தொல்காப்பிய இளம்பூரணப் பதிப்பையும் நமக்கு ஈந்து, 1936 நவம்பர் 18 ஆம் நாள் தூத்துக்குடியிலேயே மறைந்தார்.

1949 இல் அவர் பெயர் தாங்கிய கப்பலொன்று தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு ஓடத் தொடங்கியது. 2011 இல் அத்துறைமுகமே அவர் பெயரைப் பெற்றது. வாழ்ந்த காலத்தில் வறுமையையும் மறைந்தபின் பெயரையும் வழங்குவது உலகியல் போலும்.

ஆயினும் சங்கம் வீழ்ந்தமைக்கு அயலாரின் வன்மை மட்டுமே காரணமென நாம் கருதவில்லை. பலர் பணத்தால் எழுந்த அச்சங்கம் ஒருவர் தோளிலே நின்றது. அத்தோள் சிறைக்குச் சென்றதும் அது சாய்ந்தது. ஒரு கழகமோ, கம்பனியோ, கல்லூரியோ நெடிது வாழ வேண்டுமாயின், நிறுவியவரின் தியாகம் மட்டும் போதாது. பின்வருவோர் பலரும் மாறி மாறிச் சுமத்தல் வேண்டும். விழாக்காணும் நம் கல்லூரியை இதுகாறும் சுமந்த தோள்கள் எத்தனையோ! வணிகம், கைத்தொழில், அரசபணி எனப் பல துறைகளில் நிற்கும் பழைய மாணவர்களும், நாளை அத்துறைகளிற் புகவுள்ள இளைஞர்களும், தூத்துக்குடிச் சங்கத்தின் பங்காளர் தவறவிட்ட கடமையைத் தாம் தவறவிடாதிருப்பரேல், அதுவே சிதம்பரனாருக்கு நாம் செய்யும் வழிபாடாம்.