டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையார்

மயிலாப்பூரைச் சார்ந்த சாந்தோம் நெடுஞ்சாலையில் மாலை வேளையிலே செல்வோர், வாய்ச்சொல்லின்றிக் கைவிரல்களாலேயே அளவளாவிக்கொண்டு போகும் மாணவ மாணவியரைக் கண்டிருத்தல் கூடும். அவர்கள் பயிலும் காது கேளாதோர் பள்ளி தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தது. கதீட்ரல் சாலைப் பக்கத்திலுள்ள லிட்டில் பிளவர் கான்வென்டிலும் கண் பார்வையற்ற சிறாரும் காது கேளாச் சிறாரும் கல்வி கற்கின்றனர். 1887-ம் வருஷத்தில் ஆனி ஷார்ப் அம்மையார் அமிர்தசரஸில் கண் பார்வையற்றோர்க்குப் பள்ளி தொடங்கியதும், அதன் பின்னர்ப் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையாரும் ஸ்வெயின்சன் அம்மையாரும் முறையே கண்ணிழந்தோர்க்கும் காது கேளாதோர்க்கும் பள்ளிகள் கண்டதும் நம் மிஷன் சரித்திரம் அறிந்தோர்க்குத் தெரிந்தனவே. ஆயினும் இம்முயற்சிகள் யாவும் பெரும்பாலும் சிறார்க்கே உரியன. வளர்ந்து, கற்று, தொழில் ஏற்ற பின்னர் மரத்தினின்று வீழ்ந்தோ வண்டி கவிழ்ந்தோ முதுகெலும்பு முறிந்தவர்க்கு ஒரு பள்ளியுமில்லை, புகலிடமுமில்லை. அவர்கள் வீட்டின் மூலையிற் கிடத்தப்பட்டு, படுக்கைப் புண்ணாலும் சிறுநீரக நோயாலும் மாண்டனர். இக்குறையைத் தம் உடம்பிலேயே கண்டு, அதனைத் தீர்க்க வழி வகுத்தவர் மேரி வர்கீஸ் அம்மையார்.

இவர் 1925-ம் வருஷத்தில் கொச்சி நாட்டிலே, ஊராரும் சபையாரும் மதித்த ஒரு கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்தார். ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-ல் ஒரே கட்டிலோடு தொடங்கிய வேலூர் மருத்துவப்பணி அந்நாளில் பெருங்கல்லூரியாக வளர்ந்திருந்தது. அங்கே வைத்தியம் கற்று எம்.பி.பி.எஸ். பட்டம் பெற்ற மேரி, மகப்பேற்று வைத்தியத்திலும் மாதர் நோய் வைத்தியத்திலும் தேர்ச்சி பெற விரும்பி அவ்வைத்தியசாலையிலேயே பணியில் அமர்ந்தார்.

1954-ம் வருஷம் ஜனவரி மாதம் 30-ந் தேதி இளம் வைத்தியர் சிலர் ஒரு மோட்டார் வண்டியில் உல்லாசப் பயணம் புறப்பட்டனர். வண்டி கவிழ்ந்தது. மேரியின் முகத்திலும் காயம். ஆனால் பெருங்கேடு முதுகெலும்பிலே. முதுகுத் தண்டு சிதைந்தமையால் இடுப்பிற்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. அவர் வைத்தியராதலின், எவரும் சொல்லாமலே தம் நிலையை உணர வல்லவராயிருந்தார்.

இதன் பின்னர் நிகழ்ந்தது நம் சபையார் ஊன்றி நோக்குதற்குரியது. அவர் படுக்கையைச் சூழ்ந்து ஜெபித்தோர் பலர். அந்த நேசத்தைக் குறை கூறுவார் யார்? ஆனால் விசுவாசம் மட்டும் போதிய அளவு இருக்குமாயின் எழுந்து நடக்கலாம் என்ற எண்ணம் அக்காலத்திலும் சபைகளில் வேரூன்றியிருந்தது. இன்றும் அது அற்றுப்போகவில்லை. மேரியும் அற்புத சுகத்தை எதிர்நோக்கிக் காத்திருந்த காலமுண்டு. சக்கர நாற்காலியில் வாழப் பயிலுதல் விசுவாசக் குறைவுக்கு அடையாளமாகுமோ என்று அஞ்சி, பயிற்சிக்கு இணங்கத் தயங்கினார். பிறவிக் குருடனைக் காட்டி, பாவம் செய்தவன் யார் என்று சீஷர்கள் வினவியதையும், அவ்வினாவையே ஆண்டவர் தள்ளிவிட்டதையும் யோவான் சுவிசேஷத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில் ஓயாமல் வாசித்து வந்த சபை, நோயுற்றவள் நெஞ்சில் இத்தகைய பாரத்தை ஏற்றியது வியப்புக்குரியதன்றோ!

அப்பாரத்தை இறக்கியவர்களுள் முதல்வர் டாக்டர் பால் பிராண்ட். கொல்லிமலையில் மிஷனெரிப் பெற்றோர்க்குப் பிறந்த இவர், தொழுநோயால் மடங்கிய விரல்களை நிமிர்த்தும் சத்திர சிகிச்சையில் உலகப் புகழ் பெற்றவர். முன்கையிலுள்ள நல்ல தசையின் தசைநாணைப் பிரித்து, செயலற்ற விரலோடு இணைத்துத் தைப்பது அம்முறை. மேரியின் எதிர்காலத் தொழிலைக் குறித்து எவரும் வாய் திறவாதிருந்தபோது பிராண்ட் அதைப் பற்றியே பேசினார். கைகளில் சத்திர சிகிச்சை செய்யும் வைத்தியர் உட்கார்ந்தே செய்பவர். அதற்குக் கால்கள் எதற்கு? எளிய எண்ணந்தான். ஆனால் ஆறுதல் கூற வந்த அத்தனை பேருக்கும் அது தோன்றவில்லை.

முதுகெலும்பு நிலைபெறும் பொருட்டு அம்மையார் மீண்டும் சத்திர சிகிச்சைக்கு உட்பட்டார், உட்காரப் பழகினார், சக்கர நாற்காலியில் சிகிச்சை அறைக்குள் நுழைந்து தொழுநோயாளரின் கைகளைத் திருத்தத் தொடங்கினார். இங்கே ஒன்று சொல்லத் தகும். தொழுநோயாளன் தன் விரல் அடுப்பிற் கருகினாலும் வலியறியான். அம்மையாரோ தம் பாதம் புண்பட்டாலும் அறியமாட்டார். உணர்ச்சியற்ற உறுப்பைக் கண்ணாலே காத்துக்கொள்ள வேண்டும் என்ற பாடம் வைத்தியருக்கும் நோயாளிக்கும் பொதுவாயிருந்தது. ஊரார் விலக்கி வைத்த அந்நோயாளர், நடக்கவியலாத ஒருவர் தங்களுக்கு வைத்தியம் செய்யக் கண்டு தேறுதல் அடைந்தனர்.

இரண்டாம் உலக யுத்தம் வரையில் முதுகுத் தண்டு சிதைந்தோர் உலகெங்கும் விரைவில் மடிந்தனர். 1944-ல் இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் வைத்தியசாலையில் குட்மன் என்பவர் இவர்களுக்கெனத் தனிப் பிரிவு கண்டு, அவர்கள் நெடுநாள் வாழவும் உழைக்கவும் கூடும் என்று காட்டினார். இப்புது வைத்தியம் நம் நாட்டை எட்டவில்லை. மேரி அம்மையார் தம் பயிற்சியின் பொருட்டு ஆஸ்திரேலியாவிலுள்ள பெர்த் நகருக்குச் சென்றார். பிறர் தூக்காமலே படுக்கையினின்று நாற்காலிக்கு மாறுவதும், தம் வேலையைத் தாமே செய்துகொள்வதும் அங்கே கைவந்தன. பின்னர் நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க் என்னும் மேதையின் நிலையத்தில், மறுவாழ்வு வைத்தியத்தையே தம் துறையாகக் கற்றார். அந்நாட்டில் வசதியோடு தங்கியிருத்தல் எளிது. அவர் வேலூருக்குத் திரும்பினார்.

1963-ல் வேலூர்க் கல்லூரியில் உடலியல் மருத்துவ மறுவாழ்வுத் துறைக்கு அவர் தலைமை ஏற்றார். இந்தியாவில் இத்தகைய துறை இதுவே முதலாவது. 1966-ல் நோயாளிகள் தங்கிப் பயிலும் மறுவாழ்வு நிலையம் பாகாயத்தில் எழுந்தது. கால் வழங்காதவன் கிராமத்துக்குத் திரும்பினால் தரையில் உட்கார வேண்டும், மேடு பள்ளத்தைக் கடக்க வேண்டும், தொழிலொன்று வேண்டும். மருந்து மட்டும் என்ன செய்யும்? நான் நடப்பேனா என்று கேட்ட நோயாளிக்கு விடை சொல்ல வந்த வைத்தியரே நாற்காலியில் வந்தார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பொய் நம்பிக்கைக்கும் அங்கே இடமில்லை, வீண் புலம்பலுக்கும் இடமில்லை. இவருடைய சரித்திரத்தை அமெரிக்க நூலாசிரியை டாரதி கிளார்க் வில்சன் 1963-லேயே நூலாக வெளியிட்டார். பல தேசத்துச் சபையார் அதனை விரும்பி வாசித்தனர்.

வாசித்தவர்கள் தங்கள் ஆலயப் படிகளை நோக்கினார்களா என்பது வேறு. நம் நகரத்துப் பழைய ஆலயங்கள் பலவற்றிற்கு ஏறுதற்குக் கற்படிகள் உண்டு. உள்ளேயோ, முழந்தாட்படியிட்டு நற்கருணை பெறும் வழக்கம். சக்கர நாற்காலியில் வருபவரை நால்வர் தூக்கிச் செல்வது அன்பின் செயலே. எனினும் ஞாயிறுதோறும் தூக்கப்படுகிறவர் என்ன நினைக்கிறார் என்று கேட்பார் அரியர். உலகத் திருச்சபைகளின் மன்றம் 1975-ல் நைரோபியில் கூடியபோது, உடற்குறையுடையோர் இல்லாத சபை முழுமையான குடும்பமாகுமா என்னும் பொருளை எடுத்து ஆராய்ந்தது. அப்போது மேரி அம்மையார் வேலூரில் தம் துறையைத் தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

1972-ல் இந்திய அரசாங்கம் அவருக்குப் பத்மஸ்ரீ விருதளித்துச் சிறப்பித்தது. 1986-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் அவர் காலமானார். விபத்துக்குப் பின்னர் அவர் வாழ்ந்த காலம் ஏறக்குறைய முப்பத்துமூன்று ஆண்டுகள். அவருக்குப் பின்னர், பாகாயத்தில் பயிற்சி பெற்று வீடு திரும்பிய பழைய நோயாளிகள் ஆண்டுக்கொரு முறை கூடும் விழாவொன்று அந்நிலையத்தில் ஏற்பட்டது. அவர்கள் தத்தம் ஊர்களினின்று நாற்காலிகளோடும் ஊன்றுகோல்களோடும் வந்து சேர்ந்து, வைத்தியர்களிடம் உடம்பைக் காட்டி, விளையாட்டுப் போட்டிகளில் ஈடுபட்டு, மீண்டும் தம் தொழிலுக்குத் திரும்புகிறார்கள்.