அண்ணாமலை அரசர்

கடலூரிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் புகைவண்டி, பரங்கிப்பேட்டையை அடுத்து வெள்ளாற்றைக் கடந்து சிதம்பரத்தை அடைகின்றது. நிலையத்திற்கு மேற்கே தில்லைத் திருக்கோயிலின் கோபுரங்கள் விளங்கும். கிழக்கே திருவேட்களம் உள்ளது. தில்லையின் எல்லைக்குள் இராத்தங்கக் கூசிய திருஞானசம்பந்தர், அவ்வேட்களத்தில் உறைந்து, அங்கிருந்து சென்று கூத்தப்பெருமானை வழிபட்டார் என்பது வரலாறு. அவ்வூரைச் சூழ்ந்த நிலப்பரப்பே இந்நாளில் அண்ணாமலைநகர் என வழங்குகின்றது. அங்கே ஒரு பல்கலைக்கழகம் தோன்றக் காரணராயிருந்தவர் இராசா சர் அண்ணாமலைச் செட்டியார்.

அவர் 1881ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள், செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில், நகரத்தார் குடியிற் பிறந்தார். கடல் கடந்து சென்று லேவாதேவித் தொழில் நடத்துவது அக்குடியினரின் மரபு. முதலாளி ஊரில் இருப்பார். பர்மாவிலுள்ள கடைக்கு மேலாள் ஒருவரை மூன்றாண்டுத் தவணைக்கு அமர்த்தி அனுப்புவார். அன்றாடக் கொடுக்கல் வாங்கலில் முதலாளி தலையிடுவதில்லை. தலையிட நினைப்பினும் இயலாது, இடையிற் கடல் கிடந்தது. தக்காரைத் தேர்ந்து பொறுப்பை அவர் கையில் விடுவதே அத்தொழிலின் உயிர்நிலை. ஏட்டிற் படித்தறிய ஒண்ணாத இப்பயிற்சி, அண்ணாமலையாருக்குப் பின்னாளிற் பெரிதும் பயன்பட்டது எனலாம்.

அவர்தம் தமையனார் இராமசாமிச் செட்டியார் சிதம்பரத்தில் உயர்நிலைப் பள்ளி ஒன்றை நிறுவியவர். அவ்வூரிலேயே 1920ஆம் ஆண்டு அண்ணாமலையார் ஸ்ரீ மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். வடமொழிக்கும் தமிழுக்கும் ஆசிரியப் பயிற்சிக்கும் இசைக்கும் தனித்தனியே கல்லூரிகள் அடுத்தடுத்து எழுந்தன. ஏடு தேடி ஊர் ஊராய் அலைந்த உ. வே. சாமிநாதையர் 1924 முதல் 1927 வரை அத்தமிழ்க் கல்லூரிக்குத் தலைவராய் வீற்றிருந்தார் என்றால், அதன் பெருமைக்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இக்கல்லூரிகளைத் தம் உடைமையாகவே வைத்து நடத்தியிருப்பின், அவரை வினவுவார் ஒருவரும் இரார். அவரோ கல்லூரிகளோடு 20 இலட்ச ரூபாயையும் அரசிடம் ஒப்படைக்க முன்வந்து, அவற்றைப் பல்கலைக்கழகமாக்க வேண்டினார். சட்டமன்றம் 1928ஆம் ஆண்டுச் சட்டத்தை இயற்ற, 1929ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றியது.

அது சென்னைப் பல்கலைக்கழகம் போன்றதன்று. 1857இல் இலண்டனைப் பின்பற்றி நிறுவப்பெற்ற சென்னைப் பல்கலைக்கழகம், பற்பல ஊர்களில் இருந்த கல்லூரிகளுக்குப் பாடம் வகுத்துத் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கி வந்தது. சிதம்பரத்திலோ கற்பித்தல், உறைதல், தேர்வு ஆகிய எல்லாம் ஓரிடத்திலேயே நடந்தன. வெளியூர்க் கல்லூரிகள் அதன் ஆட்சிக்கு உட்படவில்லை.

இனி, அதன் ஆட்சிமுறை ஆராயத்தக்கது. மாகாண ஆளுநர் வேந்தரானார். அன்றாட நிருவாகம் துணைவேந்தரைச் சார்ந்தது. செனட் என்னும் பேரவையும், சிண்டிகேட் என்னும் ஆட்சிக்குழுவும், பாடத்திட்டங்களை ஆராயும் கல்விக்குழுவும் அமைந்தன. இத்துணைப் பேரிடையே, பொருள் ஈந்தவர்க்குரிய இடம் யாது? இணைவேந்தர் என்னும் பதவியைச் சட்டம் அவர்க்கும் அவருக்குப்பின் அவர் வழித்தோன்றலுக்கும் அளித்தது. துணைவேந்தர் பதவிக்கு மூவர் பெயரை இணைவேந்தர் முன்மொழிவார். அம்மூவருள் ஒருவரை ஆளுநர் அமர்த்துவார். சிறிய உரிமைபோல் தோன்றினும் இது சிறிதன்று. யாருடைய பெயர் அவ்வேட்டில் ஏறுகின்றதோ அவரே ஆளவல்லார் அல்லரோ? அறிவுக்குரிய இடத்திற் பிறப்புரிமை புகலாமோ என்னும் ஐயமும் இங்கே எழாமற்போகாது.

அவ்வுரிமையை அண்ணாமலையார் எவ்வாறு ஆண்டார் என்பதை, அவர் வாழ்நாளில் துணைவேந்தராய் அமர்ந்தோரைக் கொண்டு அறியலாம். முதல்வர் சா. எ. ரங்கநாதன், கிறித்தவர், கல்வித்துறையில் தேர்ந்தவர். அடுத்து 1935 முதல் 1940 வரை, ஆங்கிலச் சொல்வன்மையால் உலகறிந்த சீனிவாச சாஸ்திரியார். அவர்க்குப்பின் நீதிக்கட்சித் தலைவருள் ஒருவராகிய கே. வி. ரெட்டி நாயுடு; அதன்பின் மா. இரத்தினசாமி. இந்நால்வருள் ஒருவரேனும் அவர்தம் சுற்றத்தார் அல்லர், குலத்தாரும் அல்லர். சமயத்தாலும் அரசியற் கொள்கையாலும் நால்வரும் நால்வேறு திறத்தினர்.

தமிழாசிரியர் அமைந்த திறமும் அத்தகையதே. கீழை இலங்கையைச் சார்ந்த துறவி விபுலானந்தர், வழக்கறிஞர் தொழிலில் ஓங்கியிருந்த நாவலர் சோமசுந்தர பாரதியார் ஆகியோர் அங்கே பேராசிரியராய் விளங்கினர். பண்டிதமணி கதிரேசச் செட்டியார் பல்கலைக்கழகத்தின் வாயிலை மாணவராய் மிதித்தறியாதவர். பட்டம் ஒன்றும் பெறாதவர். பட்டம் வழங்கும் கழகமே அவரை ஆசிரியராக ஏற்றது.

இசையரங்குகளில் தெலுங்குக் கீர்த்தனைகளே மிக்கிருந்த அக்காலத்தில், தமிழ்ப் பாட்டுக்கு இடம் தேடி அண்ணாமலையார் பொருளும் உழைப்பும் ஈந்தார். 1941இல் அண்ணாமலைநகரில் தமிழிசை மாநாடு கூடியது. எதிர்த்தோரும் பலர். 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் நிறுவப்பெற்றது.

1923இல் சர் பட்டமும், 1929இல் வழிவழி வரும் இராசா பட்டமும் பெற்ற அவர், 1948ஆம் ஆண்டு சூன் 15ஆம் நாள் மறைந்தார். இணைவேந்தர் பதவி அவர்தம் மைந்தர் முத்தையாச் செட்டியாருக்கும், பின்னர்ப் பேரர்க்கும் சென்றது. பல்கலைக்கழகம் பல துறைகளாய்ப் பெருகியது, செலவும் பெருகியது. 2013ஆம் ஆண்டிற் கடும் பொருள் நெருக்கடி நேர்ந்தது. ஊதியத்தைக் குறைக்கும் முயற்சியை ஆசிரியரும் பணியாளரும் எதிர்த்துக் கிளர்ந்தனர். ஏப்பிரல் திங்களில் தமிழக அரசு ஆட்சியாளர் ஒருவரை அமர்த்தியது. அவ்வாண்டே புதுச்சட்டமும் இயற்றிற்று. அச்சட்டத்தின்படி உயர்கல்வி அமைச்சர் இணைவேந்தரானார். நிறுவியவர் குடிக்கு எண்பத்து நான்கு ஆண்டுகள் இருந்துவந்த உரிமை நீங்கியது. கழகத்தின் பெயரும் நகரின் பெயரும் மாறவில்லை.