கொள்ளைநோயும் ஜாதி பேதமும்: சாவித்திரிபாய் பூலே அம்மையார்

வாசுதேவநல்லூர்ச் சிந்தாமணிநாதர் ஆலயத்திலே அம்மையும் அப்பனும் ஓருருவாக, அர்த்தநாரீசுவரராய் எழுந்தருளியிருக்கக் காண்கிறோம். அங்கே கைகூப்பி நிற்கும் நாம், வீதிக்கு வந்ததும் ஓருடலாகிய ஊரை ஜாதியாலும் மதத்தாலும் கூறுபோடுகிறோம். கொள்ளைநோய்க் காலத்தில் இக்குணம் வெறியாகவே முற்றிவிடுகிறது. 2020-ம் வருஷத்தில் கொரோனா பரவியபோது, நோயைக் கொணர்ந்தவர்களென்று ஒரு மதத்தார் முழுவதும் தூற்றப்பட்டனர். சென்னையில் அந்நோயால் மாண்ட ஒரு வைத்தியரின் சடலத்தை அடக்கம் செய்யவொட்டாமல் ஒரு கூட்டம் கல்லெறிந்து விரட்டியது. இவற்றை நினைந்து நாணும்போது, ஒரு மாதரசியின் சரிதம் நம் நினைவுக்கு வருகிறது.

சாவித்திரிபாய் 1831-ம் வருஷம் ஜனவரி 3-ந் தேதி, சதாரா ஜில்லா நாய்காம் கிராமத்தில் மாலி வகுப்பில் பிறந்தார். பாலிய வயதிலேயே ஜோதிராவ் பூலேயை மணந்து, கணவரிடம் எழுத்தறிந்து, 1848-ல் அவருடன் புனாவில் பெண்களுக்கென ஒரு பாடசாலை நிறுவினார். பாடம் சொல்லப்போகும் வழியில் சேறும் சாணமும் அவர்மீது வீசப்பட்டன. மாற்றுப்புடவை ஒன்றைக் கையோடு கொண்டுசென்றாரேயன்றிப் பள்ளிக்குப் போவதை நிறுத்தினாரில்லை. தீண்டாதாரெனப்பட்டவர்கள் நீர் மொள்ளத் தம்பதிகள் தம் வீட்டு நீர்த்தொட்டியைத் திறந்துவிட்டனர். ஓர் அந்தணக் கைம்பெண் ஈன்ற மகவைத் தத்தெடுத்து, யஷ்வந்த் என்று பெயரிட்டு வளர்த்தனர். அவர் பின்னர் வைத்தியரானார்.

1896-ல் பம்பாயில் தோன்றிய பிளேக், அடுத்த வருஷம் புனாவைச் சூறையாடிற்று. அதன் கிருமி 1894-ல் ஹாங்காங்கில் கண்டறியப்பட்டிருந்தபோதிலும், எலித்தெள்ளு அதைப் பரப்புகிறதென்பது 1898-ல்தான் வெளியாயிற்று. இடைக்காலத்தில் அச்சமே அரசு செலுத்தியது. சிப்பாய்கள் வீடு புகுந்து சோதித்தனர். ஜனங்கள் நோயை மறைத்தனர். அம்மையாரோ 66-வது வயதில், நகருக்கு வெளியே யஷ்வந்துடன் வைத்தியசாலை அமைத்துப் பிணியாளரைப் பேணினார். முண்ட்வாவில், தீண்டாதாரென ஒதுக்கப்பட்ட மஹர் குலத்துச் சிறுவன் ஒருவன் பிளேக் கண்டு கிடப்பதறிந்து விரைந்து சென்று, அவனைத் தம் முதுகிலே சுமந்துவந்து சேர்த்தார். சிறுவன் பிழைத்தான். அம்மையார் அந்நோய்க்கே இரையாகி, 1897-ம் வருஷம் மார்ச் 10-ந் தேதி தேகவியோகமானார்.

தாய் மாலி குலத்தவர். வைத்தியர் அந்தணர் வயிற்றில் பிறந்தவர். நோயாளி மஹர் குலத்தவன். அவ்வைத்தியசாலையில் மூவரும் ஒரே குடும்பம். தெள்ளுப்பூச்சி ஜாதி கேட்டுக் கடிப்பதில்லை. மருந்தும் ஜாதி பார்த்து வேலை செய்வதில்லை. நோய்க்கு அஞ்சி எட்டி நிற்பது விவேகம். ஒரு வகுப்பையே நோயென்று ஒதுக்குவது பாதகம். மறுபடி ஒரு கொள்ளைநோய் வருமாயின், சுமப்பவர் வரிசையில் நிற்போமா, கல்லெறிவோர் வரிசையில் நிற்போமா என்பதை நாம் இன்றே தீர்மானித்துக்கொள்வோமாக.