பொன்வாய்த் துறவி யோவான்

கி.பி. 387-ஆம் ஆண்டு. சிரியாவிலுள்ள அந்தியோக்கியா நகரம் அச்சத்தில் உறைந்து கிடந்தது. புதிய வரி விதிப்பினால் வெகுண்டெழுந்த மக்கள், ரோமப் பேரரசர் தியோடோசியஸ், அவரது குடும்பத்தார் ஆகியோரின் சிலைகளை வீழ்த்திவிட்டனர். சிலையை அவமதிப்பது பேரரசரையே அவமதிப்பதாகும். தண்டனை எவ்வளவு கொடியதாக இருக்குமோ என்று நகரமே நடுங்கியது. முதியவரான ஆயர் பிளாவியன் மன்னிப்பு வேண்டித் தலைநகரான கான்ஸ்டாண்டிநோபிளுக்குப் புறப்பட்டார். மக்களைத் தேற்றும் பொறுப்பு, குருவாகி ஓராண்டே ஆகியிருந்த யோவான் மீது விழுந்தது.

தவக்காலத்தில் தொடர்ந்து அவர் சொற்பொழிவாற்றினார். அவை வெறும் ஆறுதல் உரைகள் அல்ல. அரசனின் கோபத்திற்கு அஞ்சும் மனம் இறைவனை மறந்து வாழ்வது ஏன் என்று சிந்திக்கத் தூண்டினார். எதற்கெடுத்தாலும் ஆணையிடும் பழக்கத்தையாவது இப்போது கைவிடுங்கள் என்று மீண்டும் மீண்டும் வற்புறுத்தினார். முடிவில் பேரரசரின் மன்னிப்பு வந்தது; நகரம் பிழைத்தது. பிற்காலத்தவர் அவருக்கு அளித்த பெயர் கிறிசோஸ்தோம். கிரேக்க மொழியில் அதன் பொருள், பொன்வாய் உடையவர்.

அன்னையும் குகையும்

நான்காம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் அந்தியோக்கியாவில் யோவான் பிறந்தார். படை அதிகாரியான தந்தை செக்குந்துஸ் விரைவிலேயே மறைந்தார். இருபது வயதில் கைம்மை எய்திய அன்னை அந்தூசா மறுமணம் செய்துகொள்ளாமல் மகனை வளர்த்தார். புகழ்பெற்ற பேச்சுக்கலை ஆசான் லிபானியுஸிடம் யோவான் கல்வி கற்றார். வழக்கறிஞர் தொழிலும் பதவியும் காத்திருந்தன. மனமோ துறவை நாடியது. தம்மை இரண்டாம் முறை கைம்பெண்ணாக்க வேண்டாம் என்று அன்னை கண்ணீருடன் மன்றாடவே, சில காலம் இல்லத்திலிருந்தே நோன்பு காத்தார்.

பின்னர் மலைகளுக்குச் சென்று நான்கு ஆண்டுகள் ஒரு முதிய தவசியின்கீழ் பயின்றார். இரண்டு ஆண்டுகள் குகையில் தனித்திருந்தார். உறக்கத்தை ஒடுக்கி மறைநூலை மனனம் செய்தார். கடுந்தவத்தால் வயிறும் சிறுநீரகமும் பழுதுபட, நகருக்குத் திரும்ப நேர்ந்தது. குகையில் தேடிய இறைவனை இனி அவர் வீதியோரத்து ஏழைகளிடம் கண்டார்.

சொல்லின் வலிமை

மத்தேயு நற்செய்தி பற்றி 90 சொற்பொழிவுகள், புனித பவுல் ரோமர்களுக்கு எழுதிய திருமுகம் பற்றி 32 என அவரது உரைகள் விரிகின்றன. சுருக்கெழுத்தாளர்கள் பலவற்றைக் குறித்து வைத்ததால் இன்றும் அவற்றைப் படிக்க முடிகிறது. இறைவார்த்தையை விளக்கத் தொடங்கி, கேட்பவரின் அன்றாட வாழ்வில் கொண்டுவந்து நிறுத்துவது அவர் முறை. வாசலில் ஏழை குளிரில் நடுங்க, பலிபீடத்தைப் பட்டாலும் பொன்னாலும் அலங்கரிப்பதில் பயன் என்ன என்று வினவினார். மக்கள் கைதட்டி ஆரவாரித்தபோது அதைக் கண்டித்தார். அந்தக் கண்டனத்திற்கும் அவர்கள் கைதட்டினர்!

பொன்வாயிலிருந்து வந்த அனைத்தும் பொன்னாக இருந்துவிடவில்லை. யூதர்களின் விழாக்களுக்குச் சென்றுவந்த கிறிஸ்தவர்களைத் தடுக்க அவர் 386, 387-ஆம் ஆண்டுகளில் ஆற்றிய உரைகள் யூதர்கள் மீது கடுஞ்சொற்களைப் பொழிந்தன. பின்வந்த நூற்றாண்டுகளில் அவை வெறுப்பை வளர்க்கவும் பயன்பட்டன. சொல் விளக்காகவும் நிற்கும்; கட்டுமீறினால் வீட்டையும் எரிக்கும். அவரைப் பயில்பவர்கள் இந்த எச்சரிக்கையையும் சேர்த்தே பெறவேண்டும்.

அரண்மனையும் அறமும்

398-இல் யோவான் கான்ஸ்டாண்டிநோபிளின் ஆயரானார். ஆயர் இல்லத்தின் ஆடம்பரங்களைக் குறைத்து, மிஞ்சிய பணத்தை மருத்துவமனைகளுக்குச் செலவிட்டார். மறுஆண்டு, அதிகாரம் மிக்க அமைச்சர் யூத்ரோப்பியுஸ் பதவி இழந்து ஆலயத்தில் தஞ்சம் புகுந்தார். ஆலயத்தில் தஞ்சம் பெறும் உரிமையைக் குறுக்க முயன்றவரே அவர்! எனினும் யோவான் அவரைப் படைவீரர்களிடம் ஒப்படைக்க மறுத்தார். பலிபீடத்தைப் பற்றி நடுங்கிக்கொண்டிருந்த அவரைக் காட்டி, செல்வமும் அதிகாரமும் நிலையற்றவை என்று மக்களுக்கு உணர்த்தினார்.

இந்த அஞ்சாமை பகையை வளர்த்தது. பேரரசி யூதோக்சியாவின் சினமும், அலெக்சாந்திரியா ஆயர் தியோபிலுஸின் சூழ்ச்சியும் ஒன்றுசேர, 403-இல் அவர் பதவி பறிக்கப்பட்டார். விரைவில் திரும்ப அழைக்கப்பட்டாலும், 404-இல் ஆர்மீனியப் பகுதியிலிருந்த குக்குசுஸ் என்ற சிற்றூருக்கு நாடுகடத்தப்பட்டார்.

குளிரும் நோயும் வாட்டிய அந்த நாட்களில் அவர் கடிதங்களால் பிறரைத் தேற்றினார். தம் செல்வத்தை அறப்பணிக்கு ஈந்த ஒலிம்பியாஸ் அம்மையாருக்கு எழுதிய 17 கடிதங்கள் இன்றும் உள்ளன. நம் அனுமதியின்றி எந்தத் துன்பமும் நம் ஆன்மாவைக் காயப்படுத்த இயலாது என்பதே அவற்றின் சாரம்.

பகைவர்கள் அவரை இன்னும் தொலைவிலுள்ள பித்தியுஸுக்கு அனுப்பினர். வெயிலிலும் மழையிலும் நடத்திச் செல்லப்பட்ட அவர், 407 செப்டம்பர் 14 அன்று வழியில் கொமானா என்ற இடத்தில், அனைத்திற்கும் இறைவனைப் போற்றியபடி உயிர்நீத்தார்.

438-இல் அவரது திருவுடல் தலைநகருக்குக் கொண்டுவரப்பட்டது. அவரைத் துரத்தியவர்களின் மகனான இரண்டாம் தியோடோசியஸ், பேழையின் முன் தலைவணங்கித் தம் பெற்றோருக்காக மன்னிப்பு வேண்டினார். தஞ்சம் தந்தவரிடம் அரியணையும் இறுதியில் தஞ்சம் தேடி வந்தது.